பாதியில் நின்ற பி.எஸ்சி.

இந்த மாதக் கடிதக்கட்டில் மூன்று கடிதங்கள் ஒரே பாட்டைப் பாடுகின்றன. டிகிரி பாதியில் நின்றுபோனது, படித்த பாதி வீணாகாமல் மீதியை சிங்கப்பூரில் இருந்தபடியே முடிக்க முடியுமா என்று. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான், 41 வயதில் முடித்தவள். அதனால் வழக்கமாக ஐந்தாறு கேள்விக்குப் பதில் சொல்லும் நான் இந்த முறை மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, 2004இல் திருச்சியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். இரண்டு வருடம் முடித்த கையோடு கல்யாணம், அப்படியே சிங்கப்பூர். நான்கு செமஸ்டரில் அலைடு கணக்கு மட்டும் ஒரு அரியர், மற்றதெல்லாம் பாஸ். இப்போது பிஆர் (நிரந்தரவாசி). துவாஸில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக லேப் டெக்னீஷியன். அதற்கு மேல் போக டிகிரி கேட்கிறார்கள். பையன் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதப் போகிறான், ஊரில் போய் உட்கார்ந்து படிக்க வழியில்லை. பழைய கிரெடிட்டை (தேறிய பாடங்களுக்கான புள்ளியை) வைத்து ஆன்லைனில் முடிக்கலாமா? ஒரு ஏஜென்ட், "உங்கள் அனுபவத்துக்கே டிகிரி, ஆறு மாதம், 4,800 வெள்ளி" என்கிறார். நம்பலாமா?
— உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: ஏஜென்ட் கதையை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம் தங்கச்சி. அனுபவத்துக்கு கிரெடிட் கொடுப்பது என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதனால்தான் இந்த ஆட்கள் பேசுவது பாதி நிஜம் மாதிரி கேட்கிறது. நிஜ பல்கலைக்கழகத்தில் அது எப்படி நடக்கும் என்றால், குறிப்பிட்ட ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதில் இருப்பதெல்லாம் எனக்கு வேலையிலேயே வந்துவிட்டது என்று நீங்கள் பக்கம் பக்கமாக எழுதி, ஆதாரம் இணைத்து, அந்தத் துறைப் பேராசிரியர் ஒருவர் படித்துப் பார்த்து, சரி என்றால் அந்த ஒரு பாடம் கழியும். முழு டிகிரியும் அனுபவத்துக்கே என்றால் அது அச்சகம். நீங்கள் பிஆர், சரி. உங்களைப் போலவே யோசிக்கும், வேலை அனுமதியில் இருக்கும் வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வேலை அனுமதி விண்ணப்பத்தில் பொய்ச் சான்றிதழ் காட்டினால் இங்கே 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2023 செப்டம்பரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்தில் காட்டும் பட்டத்துக்குச் சரிபார்ப்புச் சான்றும் கேட்கிறார்கள். பேப்பர் கொடுத்து ஏமாற்றும் காலம் போய்விட்டது.

இனி உங்கள் கிரெடிட். சிராங்கூன் ரோட்டில் பழைய நகையை மாற்றப் போயிருப்பீர்கள். ஊரில் அப்பா 22 கேரட் என்று சொல்லி வாங்கினது, பில்லும் இருக்கிறது, ஆனால் கடைக்காரர் பில்லைப் பார்ப்பதே இல்லை. உரசிப் பார்ப்பார், கல்லைக் கழற்றுவார், அழுக்கு என்பார், சேதாரம் என்பார், கடைசியில் ஒரு எடை சொல்வார். பக்கத்துக் கடையில் வேறு எடை. கிரெடிட் மாற்றமும் அச்சாக இப்படித்தான். நீங்கள் படித்த இடம் எத்தனை கிரெடிட் போட்டது என்பது பில். புதிதாகச் சேரப் போகும் இடம் எத்தனை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் எடை. ஆகவே "எனக்கு மொத்தம் எத்தனை கிரெடிட் கிடைக்கும்" என்று பொதுவாக யாரிடமும் கேட்டுப் பிரயோஜனமில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பட்டத்துக்கு என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இதில் இன்னொரு குழப்பம், எண். அமெரிக்காவில் ஒரு பி.எஸ்சி. முழுசுக்கும் 120 கிரெடிட். பிரிட்டனில் 120 என்பது ஒரே ஒரு வருடத்துப் படிப்பு, அங்கே ஆனர்ஸ் பட்டத்துக்குப் பொதுவாக 360. நம் என்யூஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) நான்கு வருட ஆனர்ஸுக்கு 160 யூனிட், அங்கே கிரெடிட்டுக்கு அதுதான் பெயர். ஐரோப்பாவில் வருடத்துக்கு 60. ஒரு முழு வருடப் படிப்பு அமெரிக்காவில் 30, ஐரோப்பாவில் 60, பிரிட்டனில் 120 என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும், யார் எந்த எண்ணைச் சொன்னாலும் வருடமாக மாற்றிப் பார்த்துவிடலாம். "120 கிரெடிட் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு டிகிரியே முடிந்துவிட்டது என்று குதித்த ஒரு தோழி எனக்கு உண்டு. அது பிரிட்டிஷ் 120.

உங்கள் கையில் இருப்பது இரண்டு வருடம். அமெரிக்கக் கணக்கில் 60க்கு மேல் கனவு காணாதீர்கள், சேதாரம் போக 50, 55 என்று வைத்துக்கொள்வோம். அரியர் வைத்த அலைடு கணக்கு போனது போனதுதான், ஆனால் அந்த ஒரு தாளால் மற்றது கெடாது. ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம் என்று படித்தோமே, மேஜர் இல்லையே என்று அலட்சியமாகப் படித்தது, அமெரிக்கப் பட்டத்தில் அறிவியல் மாணவர்களும் மொழி, இலக்கியம், சமூகம் என்று கொஞ்சம் படித்தாக வேண்டும் என்பதால் அதெல்லாம் அந்தக் கணக்கில் வந்து உட்கார வாய்ப்பு உண்டு. என் விஷயத்தில் கரிம வேதியியலை விடத் தமிழ்த் தாள்தான் தகராறு இல்லாமல் ஏறியது.

எங்கே போகலாம் என்று பார்த்தால், பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டிதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். 1969இல் தொடங்கியது, தபாலில் அறிவியல் சொல்லிக்கொடுப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள், 1970களிலேயே மாணவர் வீட்டுக்குச் சின்ன பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்து அனுப்பியவர்கள். ஆனால் பழைய படிப்புக்கு கிரெடிட் மாற்றம் கேட்டால் பொதுவாக 16 வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் 2006இல் நிறுத்தியவர், தாண்டிவிட்டது. இந்தியாவில் 2021இல் வந்த கிரெடிட் வங்கித் திட்டத்தில் கிரெடிட்டுக்கு ஆயுள் அதிகபட்சம் 7 வருடம். அதுவும் உங்களுக்கு இல்லை. நம் எஸ்யூஎஸ்எஸ் (சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்) வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியான இடம், ஆனால் நீங்கள் தேடுகிற வேதியியல் பட்டம் அங்கே இல்லை.

மிச்சம் இருப்பது அமெரிக்கா. பாதியில் விட்டவர்கள் வந்து முடிப்பதற்காகவே தொடங்கிய அரசுக் கல்வி நிலையங்கள் அங்கே உண்டு. நியூஜெர்சியில் தாமஸ் எடிசன் ஸ்டேட் யூனிவர்சிட்டி, 1972இல் தொடங்கியது. கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக், 1973. நியூயார்க்கில் எக்செல்சியர் இருக்கிறது, அது தனியார், ஆனால் லாப நோக்கமில்லாதது. மற்ற பல்கலைக்கழகங்கள் பொதுவாக "குறைந்தது 30 கிரெடிட் எங்களிடம்தான் படிக்க வேண்டும்" என்று கட்டுப்பாடு வைத்திருக்கும். இவை அந்த விஷயத்தில் தாராளம். ஆனால் தாராளம் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அறிவியல் பட்டம் என்று வந்துவிட்டால் மூன்று இடத்தில் இடிக்கும்.

முதல் இடி, மேல்நிலைப் பாடங்கள். மூன்றாவது, நான்காவது வருடத் தரத்தில் இத்தனை கிரெடிட் மேஜரில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கும். நம் ஊர் முதல் இரண்டு வருடப் பாடம் என்னதான் கஷ்டமாக இருந்தாலும் கீழ்நிலை என்றுதான் முத்திரை குத்துவார்கள். ஆக, 120இல் 55 கழிந்தால் மீதி 65 என்று நீங்கள் சந்தோஷப்படலாம், ஆனால் அந்த 65இல் பெரும்பகுதி மேஜரின் கடினமான பாகமாகவே இருக்கும். சுலபமானதை ஏற்கெனவே படித்துத் தீர்த்துவிட்டீர்களே!

இரண்டாவது, பழசாகிப் போவது. ஆங்கிலம், வரலாறுக்கு வயது கேட்காத இடங்கள்கூட அறிவியல், கணினிப் பாடங்களுக்கு மட்டும் பத்து வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்று வைத்திருப்பதுண்டு. இது இடத்துக்கு இடம் மாறும், முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய இடி, லேப். பியூரெட்டைப் பிடித்து ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு என்று இளஞ்சிவப்பு வரும்வரை நின்ற கை உங்களுடையது, அதைத் திரையில் சுட்டியை நகர்த்திப் பழக முடியாது என்பது உங்களுக்கே தெரியும். பல்கலைக்கழகங்களுக்கும் தெரியும். சிலர் வீட்டுக்கு லேப் பெட்டி அனுப்புவார்கள். ரசாயனம் உள்ள பெட்டி என்பதால் அமெரிக்காவுக்கு வெளியே அனுப்பாத இடம் நிறைய. அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டி உயிர்வேதியியல் பி.எஸ்.ஸை ஆன்லைனில் நடத்துகிறது. ஆனால் லேப் பாடங்களுக்கு மட்டும் அங்கேயே போய்ச் சில நாள் தங்கிச் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் நேர்மையான ஏற்பாடு. வேதியியல் பட்டம், லேப் எதுவும் வேண்டாம், எங்கேயும் வர வேண்டாம் என்று ஒரு இடம் சொன்னால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

அதனால் ஒரு பைசா கட்டுவதற்கு முன்னால் உங்கள் எச்ஆரிடம் போங்கள். "டிகிரி" என்று அவர்கள் சொல்வது வேதியியல் பட்டமா, ஏதாவது ஒரு அறிவியல் பட்டமா, ஏதாவது ஒரு பட்டமா? வெளிநாட்டுத் தொலைதூரப் பட்டம் செல்லுமா? மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாய் வார்த்தை வேண்டாம், மேலாளர் மாறிவிட்டால் அவரோடு அதுவும் போய்விடும். சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பட்டத்தை மொத்தமாக அங்கீகரித்து முத்திரை குத்தும் பொது அலுவலகம் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலான வேலைகளுக்கு முதலாளி ஏற்றுக்கொண்டால் செல்லும், இல்லாவிட்டால் இல்லை. "எந்த அறிவியல் பட்டமானாலும் சரி" என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் உங்கள் பாதை பாதிக்குப் பாதி இலகுவாகிவிடும். பொது அறிவியல் மாதிரியான பட்டத்தில் பழைய கிரெடிட் அதிகம் ஏறும், லேப் தொல்லையும் குறைவு.

அடுத்தது காகிதம். உங்களிடம் இருப்பது மதிப்பெண் பட்டியல். அதை அமெரிக்க கிரெடிட்டாக மாற்றிச் சொல்ல வெஸ், ஈசிஈ மாதிரி நிறுவனங்கள் இருக்கின்றன. சேரப் போகும் பல்கலைக்கழகம் எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்கும் என்று கேட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். அறிக்கையில் மலிவான வகை ஒன்று உண்டு, "இவர் இரண்டு வருடம் படித்தார்" என்று ஒரு வரி சொல்லும், நமக்கு அது உதவாது. பாடம் பாடமாகப் பிரித்துச் சொல்லும் வகைதான் வேண்டும். அதற்கு ஊரிலிருந்து ட்ரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகமே தரும் மதிப்பெண் பதிவு) உறை ஒட்டி, முத்திரை வைத்து நேராகப் போக வேண்டியிருக்கும். கூடவே அந்தக் காலத்து சிலபஸும் கேட்கலாம்.

இந்த சிலபஸ் விஷயத்தில்தான் நான் மாட்டினேன். நான் படித்த வருடத்து சிலபஸ் யாரிடமும் இல்லை. அலுவலகத்தில் இருந்தவர் இப்போதைய சிலபஸை எடுத்துக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்றார். ஒன்றில்லை. தாள் பெயரே மாறியிருந்தது. மூன்று தடவை ஊருக்கு ஆள் அனுப்பி, கடைசியில் ஓய்வுபெற்ற ஒரு லேப் அட்டெண்டர் வீட்டுப் பரணில் பழைய கையேடு ஒன்று இருந்து, அதை நகலெடுத்து, பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் வாங்கி அனுப்ப பதினான்கு மாதம் ஆனது. ஆகவே உங்கள் அண்ணனோ மாமாவோ ஊரில் இருந்தால் இன்றைக்கே போன் போடுங்கள். பல்கலைக்கழகம் எது என்று முடிவு செய்யக்கூடக் காத்திருக்க வேண்டாம், இந்தக் காகிதம் எங்கே போனாலும் வேண்டும்.

பெயரையும் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, சிலருக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால் எல்லா இடத்துக்கும் ஆகும்.

எல்லாம் கைக்கு வந்த பிறகு, சேரும் முன்னால், பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியது: என்னுடைய எந்தெந்தப் பாடம், இந்தப் பட்டத்தின் எந்தெந்தக் கட்டத்தில் ஏறுகிறது? "55 கிரெடிட் ஏற்றுக்கொண்டோம்" என்ற மொத்த எண் போதாது. 55 ஏற்றுக்கொண்டு அதில் 30ஐ "விருப்பப் பாடம்" என்ற மூலையில் கொட்டிவிட்டால், விருப்பப் பாடத்துக்கு அங்கே 20தான் இடம் என்றால், 10 உங்களுக்குச் சும்மா போனது.

காலக் கணக்கு: வேலை, பையன், துவாஸ் பயணம் எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் முடியும், அதாவது 6 கிரெடிட். வருடத்துக்கு மூன்று பருவம், 18. அறுபத்தைந்தை முடிக்க மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். ஆறு மாதம் என்று சொன்னவரின் முகத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் (இது பாடக் கிரெடிட் இல்லை, படிப்புக்கு அரசு தரும் பணம்) சிங்கப்பூரர்களுக்குத்தான், அதிலும் பட்டியலில் உள்ள படிப்புக்குத்தான். மசே நிதியின் (மத்திய சேமநல நிதி) கல்விக் கடன் திட்டமும் உள்ளூரில் முழுநேரம் படிப்பவர்களுக்கு. கைக்காசுதான் தங்கச்சி. பருவத்துக்குப் பருவம் கட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், மொத்தமாகக் கட்டாதீர்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. நியூயார்க்குக்கும் நமக்கும் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. எனக்குக் கிடைத்த ஒரு தேர்வு நேரம் நமக்கு விடிகாலை 3 மணி. கண்காணித்த பெண் கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னார். சுவரில் தினசரிக் காலண்டர், ராகுகாலம் எமகண்டம் போட்டது. "அந்த எண்களெல்லாம் என்ன, ஃபார்முலாவா?" என்றார். ராகுகாலத்தை அந்த நேரத்தில் ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றி ஹாலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கேள்வி: ஆன்ட்டி, பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்து, என்எஸ் (தேசிய சேவை) முடித்து, உள்ளூர் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் இரண்டு வருடம் படித்தேன். 72 யூனிட் தேறியது, இரண்டு பாடம் ஃபெயில், ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) கேவலம். 2022இல் விலகிவிட்டேன். வெளிநாட்டில் ஆன்லைனில் முடிக்கப் பார்க்கிறேன். பல்கலைக்கழகக் கதையை மறைத்து டிப்ளோமாவை மட்டும் காட்டினால் என்ன?
— செங்காங் வாசகர், 27

பதில்: தம்பி, மறைக்காதே. விண்ணப்பத்தில் "இதற்கு முன் படித்த எல்லா இடமும்" என்று கேட்பார்கள், கீழே கையெழுத்தும் வாங்குவார்கள். பட்டம் கொடுத்த பிறகு தெரிந்தாலும் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அது போதும். அதை விடு, மறைத்தால் நஷ்டம் உனக்குத்தான். வருடத்துக்கு 40 யூனிட் என்று வைத்தால் அந்த 72 யூனிட் ஒன்றேமுக்கால் வருடத்துக்கு மேலான படிப்பு, பிரிட்டிஷ் கணக்கில் 216 வரை வரும், அமெரிக்கக் கணக்கில் 54. சேதாரம் போகட்டும், என்றாலும் அதைத் தூக்கிக் கடலில் போடுவார்களா? நீ பயப்படுகிற ஜிபிஏ பெரும்பாலும் கூட வராது. மாற்றத்தில் கிரெடிட்தான் போகும், கிரேடு பழைய இடத்திலேயே நின்றுவிடும், புது இடத்தில் ஜிபிஏ புதிதாகத் தொடங்கும். என்ன, டி கிரேடு வாங்கிய பாடங்களைப் பல இடத்தில் எடுக்கமாட்டார்கள், அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடு.

உனக்கு ஓப்பன் யூனிவர்சிட்டி சரிவரும், 16 வருட வரம்பு உன்னைத் தொடாது. அங்கே "ஓப்பன்" பட்டம் என்று ஒன்று உண்டு, 360இல் 240 வரை வெளியிலிருந்து கொண்டுவரலாம். இயற்பியல் என்றே பெயர் போட்ட பட்டம் வேண்டுமென்றால் அவ்வளவு எடுக்கமாட்டார்கள், பாடத்துக்குப் பாடம் பொருந்த வேண்டும். சான்றிதழில் இயற்பியல் என்ற சொல் வேண்டுமா, சீக்கிரம் முடிய வேண்டுமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். எந்தெந்தப் பாடத்தை சிங்கப்பூரிலிருந்து எடுக்கலாம் என்பதையும் முதலிலேயே கேள். டிப்ளோமாவில் படித்த கணக்கும் பல்கலைக்கழகத்தில் படித்த அதே கணக்கும் இரண்டு தடவை எண்ணப்படாது.

பழைய இடத்தில் கட்டணப் பாக்கி எதுவும் இல்லையே? இருந்தால் ட்ரான்ஸ்கிரிப்ட் கொடுக்காமல் இழுத்தடிப்பார்கள். முதலில் அதைத் தீர். அங்கேயே திரும்பச் சேர வழி இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வை. வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் சேதாரமே இல்லாமல் 72உம் ஏறும் ஒரே கடை அதுதான்.

கேள்வி: தங்கச்சி, 1990களில் எஸ்ஐஎம் கல்வி நிலையத்தில் நடந்த ஓப்பன் யூனிவர்சிட்டி படிப்பில் கணிதம் எடுத்தேன். 1998இல் வேலை போனது, படிப்பும் போனது. இப்போது ஓய்வு. வேலைக்காக இல்லை, முடிக்க வேண்டும் என்று ஆசை. அந்த கிரெடிட் இன்னும் உயிரோடு இருக்குமா? நோட்டெல்லாம் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது.
— தோ பாயோ வாசகர், 63

பதில்: அண்ணே, நீங்கள் படித்த அந்த ஏற்பாடுதான் பிறகு 2005இல் யூனிசிம் பல்கலைக்கழகம் ஆகி, 2017இல் எஸ்யூஎஸ்எஸ் ஆனது. கிளமெண்டி ரோட்டில் இருக்கிறது. அங்கே கணிதத்தில் பி.எஸ்சி. உண்டு, பகுதிநேரமாகப் படிக்கலாம், லேப் கிடையாது. கிரெடிட் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அவர்களிடம் எழுதிக் கேட்பதுதான் வழி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, கிடைத்தால் லாபம் என்று போவேன். நீங்கள் சிங்கப்பூரர் என்றால் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2024 மே மாதம் போட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் உங்கள் கணக்கில் இருக்கும். சில பகுதிநேரப் பட்டப் படிப்புக்கும் அதை எடுக்கலாம், உங்கள் படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பாருங்கள். வேலைக்காக இல்லை என்கிறீர்கள், அப்படியானால் முழுப் பட்டத்துக்கு இப்போதே கையெழுத்துப் போடாமல், ஒரு பருவம் ஒரே ஒரு பாடமாக எடுத்துப் பாருங்கள். கால்குலஸ் திரும்ப வருகிறதா என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

பிஸ்கட் டின்னில் நோட்டுக்கு அடியில் பாருங்கள், அந்தக் காலத்தில் தேர்வு முடிவைக் கடிதமாக அனுப்பியிருப்பார்கள். பாடக் குறியீடும் உங்கள் மாணவர் எண்ணும் அதில் இருந்தால், எழுதிக் கேட்கும்போது அதன் நகலை இணைத்துவிடுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.